அயல்மொழிக் கல்வியும் தோட்டத்தமிழும்

ஈப்போவுக்குத் தெற்கே, பத்துகாஜாவை அடுத்துக் கெல்லி மாளிகை முற்றுப்பெறாமல் நிற்கின்றது. அதனைக் கட்டத் தொடங்கிய வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்து நாட்டவர். 1926-இல் போர்த்துகல் தலைநகர் லிஸ்பனில் மறைந்தார். அருகிலுள்ள மாரியம்மன் கோயிலில் அவர் உருவம் சிலையாக உள்ளது. துரையின் உருவம் நிலைத்தது. அங்கு வழிபட்ட தோட்டத் தொழிலாளரின் பேச்சோ பெரும்பாலும் ஏடேறவில்லை.

போர்த்துகீசிய மொழியும் ஸ்காட்டிய இலக்கியமும் தமிழ் மாணவர்க்குத் தொடர்பற்றவையாகத் தோன்றலாம். ஸ்காட்டிய இலக்கியத்துக்கெனத் தனித்துறை 1971-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அமைந்தது. அவ்விலக்கியத்தையும் போர்த்துகீசிய மொழியையும் இணைத்துக் கற்பதனால் தமிழ் மாணவர் பெறும் பயன் யாது? பேச்சுவழக்கின் மதிப்பை உணர்தலே அப்பயன் எனலாம்.

மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் என்பன போர்த்துகீசியர் வழித் தமிழில் புகுந்தவை. மலாய்மொழியின் மேஜா, அல்மாரி, ஜெண்டேலா என்பனவும் அம்மூலத்தனவே. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகக் காரணராயிருந்த அன்றீக்கு அடிகளார், முத்துக்குளித்துறை மக்கள் பேசிய தமிழுக்குப் போர்த்துகீசிய மொழியில் இலக்கணம் வரைந்தார். புரோயென்சா அடிகளாரின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி 1679-இல் வெளிவந்தது. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தனிநாயக அடிகளார் 1966-இல் அதனைக் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். போர்த்துகீசியம் அறியாதார்க்கு இக்கருவூலங்கள் பூட்டிய பேழைகளே.

ஸ்காட்டிய இலக்கியம் வேறொரு வழியில் இதே உண்மையை உணர்த்துகின்றது. ஆங்கிலம் கற்றோர் மொழியாக ஓங்கியிருந்த காலத்தில், உழவர் குடியிற் பிறந்த ராபர்ட் பர்ன்ஸ் தம் மக்களின் ஸ்காட்டு மொழியிற் பாடினார். 1787 முதல் 1803 வரை ஆறு தொகுதிகளாக வந்த ஸ்காட்டியப் பாடற்றிரட்டுக்கு ஏராளமான நாட்டுப்பாடல்களைத் தேடித் தந்தார்.

எனினும் இவ்விருவர் பணியையும் ஆராயாது போற்றுதல் திறனாய்வாகாது. அன்றீக்கு அடிகளாரின் நோக்கம் சமயம் பரப்புதல்; அவர் தேர்ந்த சொற்களை அந்நோக்கமே பெரிதும் வழிநடத்தியது. பர்ன்ஸோ கேட்ட பாடல்கள் பலவற்றைத் திருத்தியும் நிரப்பியும் தந்தார். எனவே மக்கள் குரல் எது, அவர் கைவண்ணம் எது எனப் பிரித்தறிதல் அரிதாகின்றது. தொகுப்போர் நோக்கம் தொகுப்பின் தன்மையை மாற்றும் என்பதே இங்குப் பெறப்படுவது.

பேராவின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்துவிட்டன. பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், கிராணி, கித்தாக்காடு முதலிய சொற்களை அன்றாடத் தொழிலில் ஆண்ட தலைமுறை மூப்பெய்திவிட்டது. கொச்சையென ஒதுக்காமலும் செந்தமிழாகத் திருத்தாமலும், சொன்னவர் யார், எத்தோட்டத்தார், எத்தொழிலிற் சொன்னார் என்னும் குறிப்புகளோடு அச்சொற்களையும் பாடல்களையும் மாணவர் எழுதிவைத்தல் வேண்டும். ஆசிரியர்கள் அதற்கு வழிகாட்டுவார்களாயின், அயல்மொழிக் கல்வி பேராத் தமிழர்க்கு உரிய பயனைத் தந்ததாகும்.