ஓவியமும் கதைப்போக்கும்: 'மான்ஸ்ட்ரஸ்' சித்திர நாவல்

2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவரத் தொடங்கிய 'மான்ஸ்ட்ரஸ்' என்னும் அற்புதப் புனைவை மார்ஜரி லியூ எழுத, சனா தக்கேடா வரைந்தார். 2018ஆம் ஆண்டு ஐஸ்னர் விருதுகள் எழுத்துக்கென லியூவுக்கும் ஓவியத்துக்கெனத் தக்கேடாவுக்கும் தனித்தனியே வழங்கப்பெற்றன. இங்ஙனம் பிரித்து மதித்தல் பரிசிலுக்குப் பொருந்தும். திறனாய்வுக்குப் பொருந்துமோ என்பது ஐயமே.

தொடக்கக் காட்சியை நோக்குக. அடிமைகளை ஏலமிடும் இடத்தில் ஆடையின்றி நிற்கின்றாள் மைக்கா. ஒரு கை குறைந்தவள்; பார்வையோ பணிந்திலது. அவள் கண்ட போரும், உற்ற இழப்பும், அடங்கா உள்ளமும் அவ்வோர் உருவிலேயே புலனாகின்றன. ஈண்டு ஓவியம் கதைக்கு அணியன்று, அதுவே கதை.

ஆனால், அவ்வுலகின் பழைய வரலாற்றைப் பேராசிரியர் டாம் டாம் என்னும் பூனை, இதழிறுதியில் விரிவுரையாக நிகழ்த்துகின்றது. (பேராசிரியத் தொழிலுடைய பூனையைப் பழிக்க நமக்கு மனம் வருவதில்லை.) அவ்வுரைகள் சுவையுடையனவே. எனினும், நிகழ்ச்சியினின்று விளைந்திருக்க வேண்டிய செய்தி புறத்தே ஒதுங்கியமைக்கு அவையே சான்று. இக்குறையை எழுத்தின்மேல் மட்டும் ஏற்றுதல் முறையன்று. மாளிகையிலும் ஆடையிலும் செறிந்த நுண்வேலைப்பாடு கண்ணைத் தடுத்து நிறுத்த, பூசல் நிகழுமிடத்துத் தாக்கியவர் யாவர், வீழ்ந்தவர் யாவர் என மீண்டும் நோக்க வேண்டியுள்ளது.