ஐம்பது கெஜம், ஓர் அங்குலம்

இங்கிலாந்தில் ஏர் ரைபிளோடு காட்டுக்குள் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் எடைபோடும் முதல் கேள்வி, எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டாய் என்பதுதான். 25 கெஜத்தில் அணிலை வீழ்த்தியவர் பேச்சைக் கேட்க ஆளிருக்காது. 60 கெஜம் என்றால் காது கொடுப்பார்கள். தூரத்தை வைத்துக் கெட்டிக்காரத்தனத்தை அளக்கும் இந்தப் பழக்கம் தவறு என்பது என் கட்சி. சாட்சிக்கு வேறெங்கும் போக வேண்டாம். பெல்லட் பறக்கும் கணக்கே போதும்.

அணிலைச் சுடுவதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. அங்கே குறிவைக்கப்படுவது சாம்பல் அணில். வட அமெரிக்காவிலிருந்து வந்த அது, 1876-இல் செஷயரில் உள்ள ஹென்பரி தோட்டத்தில் விடப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. அது சுமந்து திரியும் அம்மை வைரஸ் அதை ஒன்றும் செய்வதில்லை. உள்ளூர்ச் சிவப்பு அணிலையோ சில வாரங்களில் கொன்றுவிடுகிறது. ஓக், பீச் போன்ற இளமரங்களின் பட்டையை உரித்துப்போடுவதும் இதன் வேலை. வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் 1998-இல் தொடங்கிச் சாம்பல் அணில்களை அகற்றிய பிறகுதான், அருகிப்போயிருந்த சிவப்பு அணில் அங்கே மீண்டும் பெருகியது. ஆகவே நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சுடுவதென்று முடிவானபின் அந்த உயிர் நொடியில் போக வேண்டும். காயத்தோடு பொந்துக்குள் ஊர்ந்துபோய் நாள்கணக்கில் சாகக் கூடாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைபிளின் சக்தி 12 அடி-பவுண்டைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய 16 ஜூல். அந்த வரம்புக்குள், 5.5 மில்லிமீட்டர் குழல் கொண்ட ரைபிள் ஒரு கிராம் எடையுள்ள பெல்லட்டை நொடிக்குச் சுமார் 177 மீட்டர் வேகத்தில் அனுப்பும். உடுக்கை போல இடை ஒடுங்கிய அந்த வடிவம் பெல்லட்டைப் புரளாமல் பறக்க வைக்கிறது. அதே வடிவம்தான் வேகத்தையும் தின்கிறது. இதைக் கொண்டு அடிக்க வேண்டிய இடம் அணிலின் தலையில் ஓர் அங்குலப் பரப்பு.

30 கெஜத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்த ரைபிளால் 50 கெஜத்தில் சுட்டால், பெல்லட் குறிக்குக் கீழே 13 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும். இது பெரிய சிக்கல் அல்ல. இறக்கம் தெரிந்தால் அந்த அளவு மேலே பிடித்துச் சுடலாம்; ஸ்கோப்புக்குள் அதற்கென்றே கோடுகள் உண்டு. அணில் உண்மையிலேயே 50 கெஜத்தில்தான் இருக்கிறதா என்பதே சிக்கல். 55-இல் இருப்பதை 50 என்று கணித்துவிட்டால் இன்னும் 5 சென்டிமீட்டருக்கு மேல் கீழே போகும். தலைக்குப் பிடித்தது தோளிலோ காலிலோ படும். இதே ஐந்து கெஜப் பிழை 25-க்கும் 30-க்கும் இடையே நேர்ந்தால் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். லேசர் தூரமானி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் கிளைகள் பின்னிய மரத்தில் அந்தக் கதிர் அணிலில் பட்டுத் திரும்பியதா, முன்னால் நின்ற இலையில் பட்டுத் திரும்பியதா? போதாக்குறைக்கு, உச்சிக்கிளையை நோக்கிச் சுடும்போது கிடைமட்டத் தூரம்தான் கணக்கு. 45 டிகிரி சாய்வில் கருவி 40 கெஜம் காட்டினால், 28 கெஜத்துக்கு உரிய இறக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை மறந்தவரின் குண்டு தலைக்கு மேலே போகும்.

காற்று இதைவிடக் கொடியது. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் மெல்லிய காற்று 25 கெஜத்தில் பெல்லட்டை ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளும். 50 கெஜத்தில் ஆறு சென்டிமீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் விலகல் நான்கு மடங்காகிறது. காட்டில் காற்று ஒரே சீராக வீசுவதும் இல்லை. சுடுபவர் நிற்கும் அடிமரத்தருகே இலை அசையாது, அணில் இருக்கும் உச்சியில் கிளையே ஆடும்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று உண்டு: ஒலி. பெல்லட் ஒலியைவிட மெதுவாகப் போகிறது. 50 கெஜத்தைக் கடக்க ஒலிக்கு 0.13 நொடி, பெல்லட்டுக்கு 0.28 நொடி. வெடித்த சத்தம் முதலில் போய்ச் சேர்கிறது. அணில் தலையைத் திருப்ப அந்த இடைவெளி போதும். சைலன்சர் சத்தத்தைக் குறைக்கும். பறக்கும் நேரத்தைக் குறைக்காது. தூரக் கணிப்பு, காற்று, பிடி எல்லாம் பிசகாமல் இருந்தும் குண்டு தவறான இடத்தில் படலாம் என்பதே இதன் பொருள். இந்த ஒரு காரணத்துக்காகவே நெடுந்தூரச் சூட்டை நான் ஏற்க மாட்டேன்.

சக்தியைக் கூட்டினால் தீராதா? அமெரிக்காவில் 12 அடி-பவுண்டு போன்ற நாடுதழுவிய உச்சவரம்பு கிடையாது. பல மாநிலங்களில் அணில் வேட்டைக்கு முறையான பருவமே உண்டு. 6.35 மில்லிமீட்டர் குழலில் 80 ஜூல் தரும் ரைபிள்கள் அங்கே சாதாரணம். அவற்றைக் கொண்டு 100 கெஜம் பேசுகிறார்கள். ஆனால் அதே மெல்லிய காற்று அந்தக் கனமான பெல்லட்டையும் 100 கெஜத்தில் 10 சென்டிமீட்டர் தள்ளிவிடும். பட்டால் கொல்லும் வலிமை கூடியிருக்கிறது. படும் இடம் நிச்சயமாகவில்லை.

நம் வாசகர்களுக்கு ஏர் ரைபிள் என்றால் 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன். அவர்கள் சுடுவது உள்ளரங்கில், மாறாத 10 மீட்டரில். தூரக் கணிப்பையும் காற்றையும் போட்டியாக்கியது ஃபீல்ட் டார்கெட். 1980-களில் இங்கிலாந்தில் வேரூன்றிய விளையாட்டு இது. அணில், எலி, காகம் வடிவில் வெட்டிய இரும்புத் தகடுகளை 8 முதல் 55 கெஜம் வரை வெவ்வேறு தூரங்களில் நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் சிறு வட்ட ஓட்டை. அதன் வழியே குண்டு போனால் தகடு விழும், விளிம்பில் பட்டால் நின்றபடி நிற்கும். தரையில் மெத்தை போட்டு அமர்ந்து, மிகப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பின் குவியச் சக்கரத்தைத் திருப்பித் தூரத்தைக் கணிக்கிறார்கள். இத்தனை ஆயத்தத்தோடும் காற்றடிக்கும் நாளில் நல்ல வீரர்களும் நெடுந்தூரத் தகடுகளைத் தவறவிடுகிறார்கள். ஆடாத, ஓடாத, செவியில்லாத அணில்களை! 55 கெஜத்தில் சாதிக்கத் துடிப்பவருக்கு உரிய மைதானம் இதுதான். இங்கே தவறினால் போவது ஒரு புள்ளி.

உண்மையாகவே காட்டைக் காக்கச் சுடுகிறவர்கள் தூரத்தைத் தேடிப் போவதில்லை, அணிலை வரவழைக்கிறார்கள். மக்காச்சோளமோ நிலக்கடலையோ நிரப்பிய தீவனப் பெட்டியை மரத்தண்டில் கட்டி, தவறிய குண்டை அந்தத் தண்டே தாங்கும்படி கோணம் பார்த்து, 20, 25 கெஜத்தில் மறைவாக உட்கார்ந்து ரைபிளைத் தாங்கியில் சாய்த்துக் காத்திருக்கிறார்கள். இதைச் சோம்பேறி வேட்டை என்று இளக்காரம் செய்பவர்களும் உண்டு. குளிர்காலக் காலையில் அசையாமல் மணிக்கணக்கில் உட்காருவது எத்தனை கடினம் என்று அவர்கள் அறியமாட்டார்கள். தன் எல்லை எது என்று தெரிய விரும்புகிறவர், ஓர் அங்குல வட்டம் வரைந்த தாளை வெளியில் நிறுத்தி, காட்டில் உட்காரும் அதே நிலையில், அன்றைய காற்றிலேயே பத்துக் குண்டுகள் சுட்டுப் பார்க்கட்டும். ஒன்று வட்டத்துக்கு வெளியே போனாலும் ஐந்து கெஜம் முன்னே வந்து மறுபடி பத்து.