சொன்னவர் இல்லாத சொல்

பதிவு குறைந்த மொழிகளுக்கு இணையத்தில் கூட்டாக அகராதி தொகுக்கும் மென்பொருள்கள் என்றதும் மலைவாழ் மக்களின் மொழிகளே பலருக்கு நினைவுக்கு வரும். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உள்ள தமிழையும், அச்சும் பத்திரிகையும் கண்ட உருதுவையும் அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பரவியிருக்கும் தோல் தொழில் வட்டாரத்தைப் பார்த்தால் இந்தக் கணக்கு பிசகுகிறது. தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் கூடங்களில் உழைப்பவர்களின் தமிழும், இவ்வூர்களின் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் பேசப்படும் தக்காணத்துப் பேச்சான தக்னியின் சாயல் கொண்ட உருதுவும் பெரிய மொழிகளின் பெயருக்குள் மறைந்து கிடக்கும் பேச்சுகள். இவற்றில் ஏட்டில் ஏறியது மிகக் குறைவு. இவற்றைத் தொகுக்கக் கூட்டு மென்பொருளைவிட எளிய கருவி இன்று இல்லை. ஆனால் இப்போது பரவலாகப் புழங்கும் அமைப்பில் அது தட்டச்சு செய்தவரை நினைவில் வைத்துக்கொண்டு, சொல்லைச் சொன்னவரைக் கைவிட்டுவிடுகிறது. பேச்சிலிருந்து எழும் அகராதிக்கு இது அடிப்படைக் குறை.

முதலில் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. விடுபட்டவற்றைச் சேர்க்க 1939இல் தனித் தொகுதியே போட வேண்டியிருந்தது. யாரும் திருத்தக்கூடிய இணைய அகராதியாக 2004இல் தொடங்கிய தமிழ் விக்சனரியில் ஒரு பிழையைத் திருத்த ஒரு நிமிடம் போதும். திருத்தத்துக்கு முன் என்ன இருந்தது என்பதும் அழியாது. லிவிங் டங்ஸ் நிறுவனத்தின் இணைய அகராதித் தளத்தில் சொல்லோடு ஒலியையும் படத்தையும் சேர்க்கலாம். சோரா, ஹோ போன்ற இந்திய மொழிகளின் பேசும் அகராதிகள் அந்த நிறுவனத்தின் முயற்சியில் உருவானவை. எஸ்ஐஎல் நிறுவனத்தின் மென்பொருளில் ஒரு குழு தனித்தனியாகச் சேர்த்ததைப் பிறகு ஒன்றாக இணைத்துக்கொள்ள முடியும். அந்நிறுவனத்தார் வகுத்த விரைவுச் சொல்தொகுப்பு முறையில் 1,700க்கும் மேற்பட்ட பொருள் தலைப்புகளை வைத்துக்கொண்டு ஊர்மக்கள் கூடி உட்கார்ந்து, இரண்டே வாரத்தில் பத்தாயிரம் சொற்களைக்கூடத் திரட்டிவிடுகிறார்கள். பல்கலைக்கழகத் துறையும் பெரிய நிதியும் இல்லாமல் அகராதி இல்லை என்ற நிலையை இவை மாற்றியிருக்கின்றன.

குறை தொடங்குவது சான்று என்ற இடத்தில். ஆங்கில விக்சனரி நன்கு பதிவான மொழிகளின் சொல்லுக்கு மூன்று பயன்பாட்டுச் சான்றுகள் கேட்கிறது. பதிவு குறைந்த மொழிக்கு ஒன்றே போதும் என்று சலுகை தருகிறது. தமிழும் உருதுவும் முதல் வகையில் வருகின்றன. எழுத்தில் வராத தோல் ஷாப்புச் சொல்லுக்கு மூன்று சான்றை எங்கே போய்த் தேடுவது? எழுதப்படாத பேச்சைப் பதிய வந்த கருவி எழுத்தையே சாட்சியாகக் கேட்கிறது. தமிழ் விக்சனரி இவ்வளவு கறார் காட்டுவதில்லை. அங்கே சிக்கல் வேறு. அதன் பதிவுகளில் பெரும்பகுதி ஏற்கெனவே தொகுக்கப்பட்ட கலைச்சொல் பட்டியல்களிலிருந்து தானியங்கி வழியாக ஏற்றப்பட்டவை. பதிவு எண்ணிக்கை லட்சங்களைத் தொட்டது; ஆனால் எந்த ஊரில், யார், எந்த வேலையின்போது சொன்னது என்ற குறிப்பு அவற்றில் இல்லை. கி. ராஜநாராயணன் 1982இல் கொண்டுவந்த கரிசல் வட்டார அகராதியிலும், கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதியிலும் நூலின் பெயரே சொல்லுக்கு ஊர் முகவரி. அந்தச் சொல் பொது அகராதிப் பக்கத்துக்குப் போகும்போது முகவரி எளிதில் உதிர்ந்துவிடும். ஏற்றியவரின் பயனர் பெயரும் நேரமும் மட்டும் பிசகாமல் பதிவாகும்.

தோல் வட்டாரத்தில் முகவரி இல்லாத சொல் ஏறக்குறையப் பயனற்றது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு குழிகளில் வாரக்கணக்கில் பதனிட்ட தோல்தான் ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறியது. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பிறகு குரோம் பதனிடலும் சுழலும் டிரம்மும் பெருகின. குரோமில் பதனிட்ட ஈரத் தோலைக் குறிக்கும் வெட் ப்ளூ அன்றாடச் சொல்லானது. அடுத்து ஷூ கம்பெனிகளும், அங்கே ஷூவின் மேற்பகுதியான அப்பர் தைக்கும் பெண்களும் வந்தார்கள். பாலாற்றுப் படுகையின் மாசு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து கழிவுநீர்ச் சுத்திகரிப்பு தொழிலின் அன்றாடப் பேச்சுக்குள் நுழைந்தது. ஆக, ஒரே தொழிலுக்குள் பட்டைக் காலம், குரோம் காலம், தையல் காலம் என்று வெவ்வேறு சொல்லடுக்குகள் படிந்திருக்கின்றன. குழியில் இறங்கியவருக்கும் தோல் மண்டியில் விலை பேசியவருக்கும் ஒரே சொல் ஒரே பொருள் தர வேண்டியதில்லை. அவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு சாதி, மதத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. உருதுவிலும் இதே கதைதான். ‘வேண்டாம்’ என்று பொருள்படும் நக்கோ என்ற சொல் ஹைதராபாத் முதல் பெங்களூர் வரை தக்னி பேசுவோருக்குப் பொது; ஆம்பூருக்கு மட்டுமே உரிய சொல் எது என்பதை ஊர்க் குறிப்பு இல்லாமல் பிரித்தறிய வழியில்லை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது, தொழிலாளியின் பெயரைப் பதிந்தால் அவருக்கே அது ஆபத்தாகலாம் என்பது. நியாயமான அச்சம்தான்; முதலாளியைப் பற்றியோ மேஸ்திரியைப் பற்றியோ ஷாப்புக்குள் புழங்கும் கேலிச் சொல்லைச் சொன்னவரை ஊரறிய அடையாளம் காட்டக் கூடாது. ஆனால் அகராதிக்குத் தேவை அவருடைய பெயர் அல்ல. ஊர், வேலை, வயது வரம்பு, பாலினம், கேட்ட ஆண்டு ஆகியவையே போதும். லிவிங் டங்ஸ் தளம் ஒலிப்பதிவோடு பேசுபவரின் பாலினம், பிறந்த இடம், வயதுப் பத்தாண்டு ஆகியவற்றைக் குறிக்க இடம் வைத்திருக்கிறது. எனவே இது கணினியால் ஆகாத காரியம் அல்ல. இத்தனை கட்டங்களை நிரப்பச் சொன்னால் தன்னார்வலர்கள் ஓடிவிடுவார்கள் என்பது அடுத்த மறுப்பு. சிலர் ஓடலாம், ஆனால் ஒரு கூட்டத்தில் சேகரித்த எல்லாச் சொற்களுக்கும் இந்த விவரங்களை ஒருமுறை கொடுத்தால் போதும் என்று மென்பொருளை அமைத்துவிட்டால் சுமை பெரிதல்ல. தோல் தொழிலில் இருப்பதெல்லாம் ஆங்கிலச் சொற்கள்தானே, அவற்றுக்கு எதற்கு அகராதி என்றும் கேட்கலாம். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதோடு அகராதியின் வேலை முடிவதில்லை. இங்கே எந்தப் பொருளில் தங்கியது என்பதையும் அது சொல்லியாக வேண்டும். கடன் வாங்கிய சொல்லின் உள்ளூர்ப் பொருள் வேறு எந்த அகராதியிலும் கிடைக்காது.

ஆகவே தேவைப்படுவது இன்னொரு புதிய மென்பொருள் அல்ல, இருப்பதைக் கையாளும் ஒழுங்கு. உலகுக்கெல்லாம் பொதுவான பொருள் தலைப்புகள் ஒரு தொழிலின் உட்படிகள்வரை இறங்க மாட்டா; உப்புத் தோல் வந்து இறங்குவதிலிருந்து ஷூ பெட்டியில் அடைபடுவதுவரை வேலைப் படிகளையே தலைப்புகளாக்கிக் கூட்டங்கள் நடத்த வேண்டும். அந்தக் கூட்டங்களில் ஓய்வு பெற்ற பட்டைத் தொழிலாளியும் அப்பர் தைக்கும் பெண்ணும் வாயால் சொல்ல, தட்டச்சு தெரிந்த இளைஞர்கள் பதியலாம். தமிழ் எழுத்து, உருது எழுத்து, ஒலி ஆகிய மூன்றுக்கும் ஒரே பதிவில் இடம் இருந்தால், உருது படிக்காமல் வளர்ந்த உருதுக் குடும்பத்துப் பிள்ளையும் பங்கேற்க முடியும். பதிந்ததை அந்தக் குழுவே மறுபடி கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் வெளியிட வேண்டும். அப்படிச் சேரும் 2,000 சொற்கள், ஊரும் வேலையும் தெரியாமல் குவிந்த லட்சம் சொற்களைவிட இந்த வட்டாரத்துக்குப் பயன் தரும். கூட்டு அகராதியில் ‘கூட்டு’ என்பது கணக்கு வைத்திருக்கும் பயனர்களை மட்டும் குறிக்கும்வரை, இந்த மென்பொருள்கள் பழைய அகராதிகளின் வேகத்தைத்தான் மாற்றியிருக்கின்றன. யாருடைய பேச்சு அகராதிக்குள் வரும் என்பதை இன்னும் மாற்றவில்லை.