எட்டு மாதங்களும் ஒரு வரியும்

சிவகாசிப் பக்கத்தில் ஆண்டு மலர், பொன்விழா மலர், சங்க மலர் என்று எதைப் புரட்டினாலும் ஒரு கதை அகப்படாமல் போகாது. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். பூர்ண சந்திர ராய் என்பவரிடம் தீப்பெட்டித் தொழில் கற்றார்கள். 1923-இல் ஊருக்கு வந்து தொழில் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஜெர்மன் இயந்திரம், அது கட்டுப்படியாகாமல் கைவேலை, தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு என்று பக்கம் பக்கமாக ஓடும்.

கதை மெய்தான். அதைச் சொல்லும் விதத்தில்தான் எனக்குச் சண்டை. அவர்கள் கல்கத்தாவில் தங்கிய காலம் எட்டு மாதம் என்பார்கள். நான் படித்த மலர்களில் அந்த எட்டு மாதம் ஒரே வரியில் தீர்ந்து போகிறது. 'கற்றுத் திரும்பினர்' என்று ஒரு வினையெச்சத்தைப் போட்டு ரயிலேற்றி விடுகிறார்கள்! கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்த வினையெச்சத்துக்குள்ளேதான் கதை இருக்கிறது. நல்லெண்ணெய் மணத்தில் வளர்ந்த மூக்கு, கடுகெண்ணெயில் பொரிந்த மீனை எப்படி ஏற்றுக்கொண்டது? பாஷை தெரியாத ஊரில் முதலில் சிரித்துப் பேசியவன் யார்? மருந்தில் முக்கிய குச்சி காய்ந்தாக வேண்டும். கரிசல் காட்டுக்காரனுக்கு வெயில் ஒரு பொருட்டா? வங்காளத்து மழைக்காலத்தில் ஈரம் போகாத குச்சியைத் தொட்டுப் பார்த்த ஒரு நாளில், நம் ஊர் வெயிலுக்கும் ஒரு விலை உண்டு என்று அவர்களுக்குப் பட்டிருக்கலாம். இது என் கற்பனை. மலர்கள் சும்மா இருந்தால் நாவலாசிரியன் இப்படித்தான் இட்டு நிரப்புவான்.

அன்னிய ஊரில் மாணவனாக இருந்த நாட்களை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு மகாத்மாவின் 'சத்திய சோதனை'யில் வரும் லண்டன் அத்தியாயங்களை எடுத்துக் கொள்ளலாம். 1888 செப்டம்பரில் கப்பலேறியவர், முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து அதை எழுத உட்கார்ந்தார். பாரிஸ்டர் படிப்பைப் பற்றி அவர் சொல்வது கொஞ்சம்தான். வெள்ளை பிளானல் உடுப்போடு கப்பலிலிருந்து இறங்கிக் கூசியது, மரக்கறி உணவு விடுதி கண்ணில் பட்டபோது வந்த குழந்தைச் சந்தோஷம், நடனமும் பிடிலும் கற்கப் புகுந்து கைவிட்டது, இவையெல்லாம்தான் நிறைய.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதி முழுவதும் எனக்கு ஒரே மாதிரி ருசிக்கவில்லை. ஒவ்வொரு சம்பவத்தின் வாலிலும் ஒரு பாடம் தொங்குகிறது. பிடிலைக்கூடச் சும்மா விடவில்லை. ஆனால் நாராயண ஹேமசந்திரர் வந்து நிற்கும் அத்தியாயத்தில் காந்தியடிகள் உபதேசத்தையே மறந்து போகிறார். குஜராத்தி எழுத்தாளரான அந்த மனிதருக்குக் கசங்கிய பார்சிக் கோட்டு, குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பி, நீண்ட தாடி. இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வருகிறார். எது பெயர், எது வினை என்பதே தலைகீழ். இலக்கணம் எதற்கு, வங்காளியை இலக்கணம் படித்தா கற்றேன் என்கிறார். காந்தி காரட் சூப் வைத்தால் இவருக்கு இறங்கவில்லை. எங்கேயோ பாசிப்பயறு தேடிப் பிடித்துச் சமைத்து எடுத்து வருகிறார். ஒரு நாள் சட்டையும் வேட்டியுமாக வந்து நிற்க, வீட்டுக்கார அம்மாள் யாரோ பைத்தியம் வந்திருப்பதாக அலறி ஓடுகிறாள். தெருப் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்ததை அவர் லட்சியமே செய்யவில்லை. துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தீர்க்க உதவிய கார்டினல் மானிங்கைப் பார்க்கவும் அதே கோட்டோடுதான் போகிறார். விஜயத்துக்கென்று உடை மாற்றிக்கொண்ட காந்தி கூட நின்று மொழிபெயர்க்கிறார்.

இதில் பாடம் ஏது? பயறும் வேட்டியும்தான் இருக்கின்றன. ஆனாலும் இருபது வயது காந்தியை இந்தச் சில பக்கங்கள் காட்டுகிற மாதிரி வேறு எதுவும் எனக்குக் காட்டியதில்லை. வெட்கப்படுகிற ஒருவன், வெட்கமே இல்லாத ஒரு சிநேகிதனைப் பார்த்து வியந்துகொண்டிருக்கிறான்.

'அவர் மகாத்மா, எழுதத் தெரிந்தவர். தொழில் செய்கிறவனுக்கு டைரி எழுத நேரம் ஏது?' என்று சிவகாசி நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். டைரி வேண்டாமே! லண்டனில் காந்தி செலவழித்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்திருந்தார். விருதுநகர் மிளகாய் மண்டியிலும் எண்ணெய்க் கடையிலும் காலணாவுக்குப் பேரேடு எழுதாத கை உண்டா? வாடகை இவ்வளவு, அரிசி இவ்வளவு, தபால் தலை இவ்வளவு என்று ஒரு தாள் இருந்தால் போதும். மலரின் பாதியை அதை வைத்தே எழுதிவிடலாம்.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. அன்னியத் தீப்பெட்டிக்குக் குரோசுக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி விழுந்த வருஷம் 1922. உள்நாட்டுத் தொழில் தலையெடுக்கக் கூடிய அந்த நேரத்தில், நாளைக்குப் போட்டிக் கடை போடக்கூடிய இரண்டு தமிழ்ப் பையன்களுக்கு மருந்துக் கலவையின் பக்குவத்தை ஒருவர் ஏன் கற்றுக் கொடுத்தார்? காசுக்காகவா, சுதேசி அபிமானமா, அல்லது தினமும் முகம் பார்த்துப் பழகியதில் விளைந்த பிரியமா? நம் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியும், திண்ணையில் பெட்டி ஒட்டியும் அடுப்பெரிந்த வீடுகள் எத்தனையோ. பூர்ண சந்திர ராய் என்ற பெயர் அந்த வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஹேமசந்திரருக்கு ஓர் அத்தியாயம் கிடைத்தது. இவருக்கு ஒரு வரி.

அடுத்த மலரைத் தொகுக்கிறவர்கள் இரண்டு பக்கமாவது அவருக்கு ஒதுக்கட்டும். பிரமுகர்களின் வாழ்த்துரையில் நாலைக் குறைத்தால் தாராளமாக இடம் கிடைக்கும்.