இரண்டு கட்டை டார்ச்

அமராவதிபுதூரில் மின்சாரம் போன இரவில் ஊருணிக்கரை வரை நடக்க எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? ஒரு மெழுகுவத்தி தருவது சுமார் 12 லூமென். அவ்வளவையே குவித்து முன்னால் வீசினால் செம்மண் பாதையில் நாலைந்து எட்டுக்குத் தாராளம். கட்டுவிரியன் இரவில்தான் இரை தேடும். அதனால் கால் வைக்கும் இடம் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம்.

இரட்டிப்புத் தூரம் பார்க்க நான்கு மடங்கு ஒளி தேவை. 1000 லூமென் டார்ச்சை வீட்டின் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் அடித்தால் கண் கூசும். அணைத்தபின் முற்றமே தெரியாது. இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். அப்பத்தாவின் இரண்டு கட்டை டார்ச்சின் மஞ்சள் வட்டம் அந்தப் பழக்கத்தைக் கெடுத்ததில்லை. எனக்கு இன்றும் அதுவே அழகு.

சட்டைப்பைக்கு 100 லூமென் போதும். எதிரே ஆள் வந்தால் வெளிச்சத்தைத் தரையில் அடியுங்கள்.