வாங்காத ஒலிவாங்கி

குற்றாலம் சித்திர சபையில் ஆடவல்லான் செம்பில் இல்லை, சுவரில் ஓவியமாக இருக்கிறான். அருவியில் குளித்த ஈரத்தலையோடு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். தொடக்கூடாது. பார்வையாளனை இப்படி வெறும் கண்ணாகச் சுருக்கிய பழைய கலையிலிருந்து அவனை மீட்டது தொழில்நுட்பக் கலைதான், அங்கே அவனும் படைப்பாளி என்றொரு சொல்லாடல் கொஞ்ச காலமாகவே நம்மிடையே புழங்குகிறது. எனக்கு இதில் நம்பிக்கையில்லை.

ஷில்பா குப்தாவின் 'நிழல்' வரிசையில் மூன்றாவதை (2007) எடுத்துக்கொள்வோம். எதிரே நிற்பவரின் நிழலைக் கேமரா பிடித்துத் திரையில் போடுகிறது. மேலிருந்து விழும் பொருள்களின் நிழல்கள் அதில் ஒட்டிச் சுமையாகச் சேர்கின்றன. கையை ஆட்டலாம், நகரலாம். ஆனால் எது எப்போது விழும், எது ஒட்டும் என்பது நிரலில் முன்பே எழுதப்பட்டாயிற்று. குப்தாவுக்கு இது தெரியும், அந்தப் பொறியையே அவர் பேசுபொருளாக்குகிறார். வணிக வளாகத் தரையில் மிதித்தால் மீன் சிதறுகிற வேடிக்கைக்கும் இன்று அதே பெயர்தான்: பங்கேற்பு. பொத்தானை அழுத்துவது பங்கேற்பு என்றால் லிஃப்டில் ஏறுகிறவனெல்லாம் கலைஞன்.

தென்காசிக் கோயிலில் பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் வெட்டிவைத்த கல்வெட்டு ஒன்று உண்டு. பின்னாளில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்து அதைச் சீர்செய்கிறவர் எவரோ, அவர் காலில் இப்போதே விழுகிறேன் என்கிறான் அரசன். (இந்தப் பணிவுக்குள் இருக்கும் அதிகாரத்தைத் தனியே பேச வேண்டும்.) அதை வாசிக்கிறவனுக்கு அழுத்தப் பொத்தான் ஏதுமில்லை. ஆனாலும் அவன்மேல் ஒரு வேலை விழுந்துவிடுகிறது.

இந்த யோசனையோடுதான் 2019 ஜனவரியில் கொச்சி பியனாலேவுக்குப் போனேன். அகலப்பாதை வேலை முடிந்து, பாலருவி எக்ஸ்பிரஸ் எங்கள் ஊர் வழியாக ஓடத் தொடங்கியிருந்த சமயம். கூட வந்தவர் ஒரு தொழிற்சங்கத் தோழர். ஓவியம் கீவியம் என்றால் ஒதுங்குகிறவர், கடல் பார்க்கலாம் என்று வந்தார். அனிதா துபே பொறுப்பேற்று அமைத்த நான்காவது பதிப்பு அது. ஃபோர்ட் கொச்சியில், பழைய ஆங்கிலேய வணிகக் கம்பெனியின் ஆஸ்பின்வால் கட்டடத்தில், குப்தாவின் இன்னொரு படைப்பு இருந்தது. 'உன் மொழிக்குள் என்னால் அடங்க முடியாது' என்று அதன் தலைப்பைச் சொல்லலாம்.

மங்கிய வெளிச்சம். நூறு இரும்புக் கம்பிகள். ஒவ்வொன்றின் நுனியும் ஒரு தாளைக் குத்தி நிற்கிறது. தாளில் எழுதியதற்காகவோ அரசியலுக்காகவோ சிறைப்பட்ட ஒரு கவியின் வரிகள். அதன்மேல் ஒரு மைக் தொங்குகிறது. தோழர் பழக்கதோஷத்தில் ஒன்றின் அருகே குனிந்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். பதிலுக்கு அந்த மைக்கே பேசியது. ஒரு குரல் எழ, மற்ற மைக்குகள் கூட்டமாக அதைத் திருப்பிச் சொல்லின. அரபி, ருஷ்யன், இந்தி என்று மொழி மாறிக்கொண்டே போனது.

"வே, இது நம்ம பேசுறத வாங்காதுல்லா. இதுதாம் பேசும்."

அவ்வளவுதான் விஷயம். ஒலிவாங்கியில் சவ்வு அதிர்ந்தால் மின்சாரம் பிறக்கிறது. அதே கம்பியில் மின்சாரத்தை எதிர்த்திசையில் அனுப்பினால் சவ்வு அதிர்ந்து ஒலி பிறக்கும். வானொலி கேட்கிறவனையும் பேசவைக்கும் கருவியாக மாற வேண்டுமென்று 1932இல் எழுதினார் பிரெக்ட். குப்தா நேரெதிர்த் திசையில் போகிறார்: பேசுகிறவனின் கருவியைப் பிடுங்கி அவனைக் கேட்கவைக்கிறார். பார்வையாளனிடம் எதையும் கொடுக்காமல் பறிப்பதால்தான் இது என்னைத் தொட்டது என்று நினைக்கிறேன். நாமெல்லாம் மைக்கைப் பிடித்தே அரசியல் கற்றவர்கள். நம் கூட்டங்களில் யார் கேட்டார்கள்?

குறையும் சொல்ல வேண்டும். எட்டாம் நூற்றாண்டுக் கவி தொடங்கி நம் காலத்தில் கைதானவர்வரை எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கம்பிதான். சுல்தானும் காலனியமும் தேர்தலில் வென்ற அரசும் அந்த இருட்டில் ஒன்றாகக் கரைந்துபோகின்றன. அடைத்தவன் தப்பித்துவிடுகிறான். இரண்டு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தாள்களுக்கு மேல் என்னால் படிக்கவும் முடியவில்லை.

வெளியே வந்து கடலைப் பார்த்து உட்கார்ந்தபோது தோழர்தான் கடையத்தைச் சொன்னார். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைக் கைதுசெய்து கடலூரில் அடைத்தார்கள். டிசம்பரில் நிபந்தனையோடு விட்டார்கள். எழுதுவதைப் போலீஸ் அதிகாரியிடம் காட்டிவிட்டுத்தான் வெளியிடலாம் என்பது அதில் ஒன்று. செல்லம்மாவின் ஊரான கடையத்துக்கு வந்து சேர்ந்தார். தென்காசியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். சிறைக்கு வெளியேயும் வாயருகே ஒரு கருவியைத் தொங்கவிடலாம், அது அவன் குரலை ஊருக்குக் கொண்டுபோகாமல் அதிகாரியிடம் கொண்டுபோகும். அந்த நூறு கம்பிகளுக்குள் இந்த வகைச் சிறைக்கு இடமிருக்கிறதா என்று தோழர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

திரும்பும்போது தென்காசியில் இறங்க நள்ளிரவு தாண்டிவிட்டது. அதே ரயில் கடையம் வழியாகத் திருநெல்வேலிக்குப் போனது. அடுத்த வாரம் பாவூர்ச்சத்திரத்தில் கூட்டம். ஸ்டேஷனில் மைக் பெர்மிஷனுக்கு மனு கொடுக்க வேண்டும், யார் யார் என்ன பேசப்போகிறார்கள் என்று கேட்பார்கள் என்றார் தோழர்.