கந்தோருக்கு ஒரு தடவை இறக்கினால் போதும்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், விசுவமடு போன்ற ஊர்க் கந்தோர் ஒன்றில் பத்துக் கணினி இருந்தாலும் வெளியே போகும் இணைப்பு ஒன்றுதான். பத்தும் ஒரே காலையில் தனித்தனியாக ஒஃபிஸ் மென்பொருளை இறக்கத் தொடங்கினால் அன்று ஒரு மின்னஞ்சல்கூட நகராது. வேலை தெரிந்த கணினித் தொழில்நுட்பவியலாளர் அப்படி விடமாட்டார். மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. எந்தப் பதிப்பு, எந்த மொழி, 32 பிட்டா 64 பிட்டா என்று ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிக் கொடுத்தால், இரவோடிரவாக எல்லாவற்றையும் பகிர்வுக் கோப்புறைக்குள் இறக்கி வைத்துவிடும். காலையில் கணினிகள் உள்வலையிலேயே எடுத்துக்கொள்ளும். சில வரிகள்தான் அந்தக் கோப்பு. அவ்வளவு சுருக்கமாக ஒரு கந்தோரின் தேவையை எழுதிவிட முடிவது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

மைக்ரோசொஃப்டின் பாதுகாப்புத் திருத்தங்கள் மாதத்தின் இரண்டாவது செவ்வாயில் வரும். அமெரிக்காவில் காலை, நமக்கு இரவு பத்தரை, பதினொன்றரை. புதன் காலை அந்தத் தொழில்நுட்பவியலாளர் ஒரு கணினியில் மட்டும் போட்டுப் பார்ப்பார். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கடிதத்தைத் திறப்பார். சம்பளப் பட்டியலின் எக்செல் மேக்ரோ ஓடுகிறதா, பிரிண்டர் ஒழுங்காக அடிக்கிறதா? பிறகுதான் மற்றவை.

ஆனால் அதிகம் தள்ளிப்போடவும் கூடாது. வானாகிரை என்ற கப்பம் கேட்கும் தீம்பொருள் தாக்கியது 2017 மே 12 அன்று. அதற்கான விண்டோஸ் திருத்தம் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. பிரித்தானிய மருத்துவமனைகள்கூட அன்று நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆகவே லீவில் போனவரின் மடிக்கணினியும் தொழில்நுட்பவியலாளரின் பட்டியலில் இருக்கும். ஆள் வந்த அன்றே கேபிளைச் செருகி, விடுபட்டதை ஏற்றிவிடுவார்.